எண்பத்தேழு வருடமாக வெட்டி முடியாத குளம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காளும் சௌக்கியம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் அப்படியே தொடங்கியிருக்கிறேன். அங்கே நீங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, உங்கள் வீடு அசல் தரையில் நிற்கிறது. என் வீடு எதன்மேல் நிற்கிறது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விவரமாகத் தெரிவிக்கப் போகிறேன். தயவுசெய்து முழுவதையும் படிக்கவும். போன கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, "விதிப்படி நடக்கட்டும் அத்தான்" என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். அந்த வரியை வாசித்த உங்கள் அக்காள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எழுதியது தம்பி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது என்னிடம். முப்பத்துநான்கு வருடமாக இந்த வீட்டில் நியாயம் இப்படித்தான் நடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், நீங்கள் அதிகாரியாக இருக்கும் இலாகாவின் கிளை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நம் வீட்டு எதிரில் இருக்கும் குளம், அதாவது எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது நீங்கள் இறங்கிக் குளித்து மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த அதே குளம், உங்கள் இலாகாவைப் பொறுத்தவரை இன்னும் குளமே ஆகவில்லையாம். எண்பத்தேழு வருடமாக "வெட்டும் வேலை நடைபெற்று வருகிறது" என்றுதான் கோப்பில் இருக்கிறதாம். முப்பது நாளுக்குள் அதை முறைப்படி அளந்து வேலை முடிந்தது என்று காட்ட வேண்டும்; தவறினால் வேலை கைவிடப்பட்டதாகக் கருதி, தோண்டிய மண்ணையெல்லாம் திரும்பக் குழியில் போட்டு மூடி, நிலத்தைப் பழையபடி ஆக்கிவிடுவார்களாம். இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றும். தோண்டிய மண் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதன்மேல்தான் மச்சான், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குளத்தின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. போன வருடம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, குளத்தின் நடுவில் இருக்கும் மண்திட்டைப் படமெடுத்துக்கொண்டு போய், அது அந்தக் காலத்து ராஜா உட்கார்ந்து காற்று வாங்கிய மேடை என்று எழுதிவிட்டார். ராஜாவாவது கூஜாவாவது. அது சாட்சித் திட்டு. மண் வெட்டுகிறவர்கள் குழி தோண்டும்போது நடுவில் கொஞ்சம் இடத்தை, மேலே முளைத்த புல்லைக்கூடக் கிள்ளாமல், அப்படியே விட்டுவிடுவார்கள். அளவர் வந்து திட்டின் உச்சியிலிருந்து குழியின் தரைவரை டேப் பிடித்துப் பார்த்தால் எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அவர் கையெழுத்துப் போட்டதும் அந்தத் திட்டையும் வெட்டி எறிந்துவிடுவார்கள். நம் குளத்தில் அது இன்னும் நிற்கிறது என்றால், அளவர் இன்னும் அளக்கவில்லை என்று அர்த்தம். ராஜா எங்கே வந்தார் இதில்?

வெட்டியது என் தாத்தா. மண்வேலை மேஸ்திரி. இந்தப் பக்கம் ஓடையும் கிடையாது, ஏரியும் கிடையாது, மாட்டுக்கும் வயலுக்கும் தண்ணீர் வேண்டும் என்று உங்கள் இலாகா சொல்ல, பன்னிரண்டு அடி ஆழம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, நாற்பது ஆளை இறக்கி நான்கே மாதத்தில் வெட்டிவிட்டார். அளவர் வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. வியாழக்கிழமை அளவர் சைக்கிளில் வந்து இறங்கியபோது குளம் தளும்பிக்கொண்டிருந்தது. அவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "தண்ணி வத்தினதும் சொல்லி அனுப்புங்க மேஸ்திரி, வந்து அளந்துடறேன்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார். என் தாத்தா வேலையில் ஒரு சொட்டை சொல்ல முடியாது. அவர் வெட்டிய குளம் அதற்கப்புறம் வற்றவே இல்லை.

தாத்தா வாக்குத் தவறாதவர். வருடா வருடம் கோடை முடிந்ததும் இலாகாவுக்கு ஒரு கார்டு போடுவார்: "தண்ணீர் இன்னும் வற்றவில்லை." அவ்வளவுதான். இலாகாவிலிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வரும். தாத்தா இறந்த வருடம் அப்பா எழுதிய கார்டு இது: "தகப்பனார் காலமாகிவிட்டார். தண்ணீர் இன்னும் வற்றவில்லை." அதற்கும் "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்தது. அப்பா காலத்தில் ஒருதரம் பெரிய பஞ்சம். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணறும் கையை விரித்துவிட்டது; நம் குளம்கூட முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. அப்பா ஓடிப்போய்த் தந்தி கொடுத்தார். இன்னொரு அளவர் கிளம்பி வந்தார். "முழங்கால் ஈரமும் ஈரந்தான், ஆனா நாளைக்குள்ள வத்திடும், இருந்து அளந்துட்டே போறேன்" என்று நம் வீட்டிலேயே தங்கினார். மறுநாள் காலை அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இடி இடித்தது. ஊரே தெருவில் நின்று நனைந்து கூத்தாடியது. அப்பா ஒருவர்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறகு இருபத்தாறு வருடமாக அந்தக் கார்டை எழுதி வருகிறவன் நான். ஒரு வருடம் மறந்துபோய், அடுத்த வருடம் இரண்டாகப் போட்டேன். என்னைப் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது வீட்டின் கதை. அளவர் வரும்வரை தோண்டிய மண்குவியலை யாரும் அள்ளிக்கொண்டு போகாமல் காவல் காக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அதனால் தாத்தா குவியலின்மேல் ஒரு கூரைக் கொட்டகை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காவல் நீண்டது. கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, கொட்டகை ஓட்டுவீடு ஆயிற்று, அப்பா காலத்தில் மூன்று அறை, என் காலத்தில் மொட்டை மாடி, போன மாதம்தான் உங்கள் அக்காள் ஆசைப்பட்ட மாதிரி சமையலறைக்குள்ளேயே குழாய் வைத்தேன். இத்தனையும் உங்கள் கோப்பில் என்னவாக இருக்கிறது தெரியுமா? "தற்காலிகமாகக் குவிக்கப்பட்ட மண்." பட்டா உண்டு, வரி ரசீது உண்டு, அதெல்லாம் வேறு இலாகாவாம். உங்கள் இலாகா மண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுமாம், வீடு என்னுடையதுதானாம்.

நோட்டீஸ் வந்த மறுநாளே கிளை அலுவலகத்துக்குப் போனேன். கை உடைந்த நாற்காலி ஒன்று, சுற்றும்போதெல்லாம் ஏதோ கேட்கிற மாதிரி முனகும் மின்விசிறி, சுவர் ஓரமாகத் துணி கட்டிய கோப்புகள். புதிதாக வந்திருக்கும் பொறியாளர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணி எப்பேர்ப்பட்ட ஆள் என்று ஏறும்போதே தெரிந்துவிடும். சத்தம் போடுகிறவரைச் சமாளிக்கலாம். இந்த அம்மா சத்தமே போடாத ரகம். "உட்காருங்க ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு, தாத்தா முதல் நான்வரை எழுதிய கார்டுகளையெல்லாம் வரிசையாக மேஜைமேல் பரப்பினார். மூன்று பேர் கையெழுத்து, எண்பத்தேழு கார்டு, எல்லாவற்றிலும் அதே வரி.

"ஏம்மா, தண்ணி நிக்குதுன்னா குளம் முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"எனக்குப் புரியுதுங்க ஐயா. ஆனா அளக்காம முடிஞ்சுதுன்னு நான் எப்படி எழுதறது?"

"அளக்கணும்னா வத்தணுமே."

"நீங்கதானே வருஷா வருஷம் அப்படி எழுதியிருக்கீங்க," என்றார் அந்த அம்மா.

சரி, குளத்தை வற்ற வைத்துவிட்டால் போயிற்று என்று முடிவு பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் நடந்ததுதான் மச்சான், நான் உங்களுக்குச் சொல்ல வெட்கப்படுவது. முதலில் புகைவண்டியை வரவழைத்தேன். பயப்படாதீர்கள், அது டீசல் பம்ப் வைத்திருக்கும் ஒருவரின் பட்டப்பெயர். அவர் பம்ப் விடுகிற புகையில் அவரே தெரியமாட்டார். இரண்டு பம்பைப் பூட்டி மூன்று நாள் இராப்பகலாக இறைத்தார். வீட்டுக்குப் பின்பக்கம் தண்ணீர் ஆறாக ஓடியது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மூன்றாம் நாள் மாலை குளத்தைப் போய்ப் பார்த்தால் ஒரு விரல்கூடக் குறையவில்லை. இந்த வட்டாரத்தில் மேடு என்று இருப்பது நம் வீடு ஒன்றுதான், பள்ளம் என்று இருப்பது குளம் ஒன்றுதான். பின்பக்கம் விட்ட தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து மறுபடி குளத்திலேயே இறங்கியிருக்கிறது. மீன்களெல்லாம் இரண்டு தடவை சுற்றி வந்திருக்கின்றன. உங்கள் அக்காள் சமையலறை ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க விசில் ஊதி ரைட் கொடுத்துட்டா யாரு பேச்சைக் கேக்கறீங்க" என்றாள்.

அடுத்ததாகக் கரையை வெட்டி வாய்க்கால் விட்டேன். குளத்துத் தண்ணீர் வெளியே போகும் என்று நினைத்தேன். பள்ளம் அது ஒன்றுதான் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள், அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. பக்கத்து வயலிலிருந்த தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாகக் குளத்துக்குள் வந்துவிட்டது. ஒரு சாண் ஏறிவிட்டது. வயல்காரர் வந்து நின்று என்னைக் கேட்ட கேள்விகளை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. பெண்கள் படிக்கும் கடிதம். வாய்க்காலை அடைப்பதற்குள் என் இடுப்பு பிடித்துக்கொண்டு, நான்கு நாள் குளத்தைப் படுத்தபடி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படுத்திருந்தபோது என்னைப் பார்க்க வந்தவர் தையற்காரர். பக்கத்துத் தெருவில் கடை. நாலு காலி டிரம்மைக் கட்டித் தெப்பம் செய்து நம் குளத்தில் மீன் பிடிக்கிறவர். அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார்: "குழியை ஏன் அளக்கறீங்க? குழியிலேருந்து வந்த மண்ணுதானே உங்க வீட்டுக்கடியில இருக்கு. அதை அளந்தாப் போச்சு. துணியை அளந்தா என்ன, வெட்டின சட்டையை அளந்தா என்ன?" எனக்கு இது வேதவாக்காகப் பட்டது. அவரே கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வீட்டைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார். பழக்கதோஷம், வாசல் பக்கத்தைக் கழுத்து என்றும் கூடத்தை மார்பு என்றும் சமையலறையை இடுப்பு என்றும் நோட்டில் குறித்துக்கொண்டார். எல்லாவற்றிலும் தையலுக்கு இரண்டு அங்குலம் சேர்த்துக்கொண்டார். உங்கள் அக்காள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். டேப்பை அவள் பக்கம் கொண்டுபோனதும், "இங்க ஒருத்தி நிக்கறேன், என்னையும் மண்ணோட சேத்துடாதீங்க" என்றாள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நான் இடுப்பைப் பிடித்தபடி பொறியாளர் அம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாகக் கடைசிவரை படித்தார். "கை நீளம் எடுக்கலையா" என்று கேட்கவில்லை, அந்த மட்டும் மரியாதை. "ஐயா, மண்ணை அளக்கலாம், தப்பில்ல. ஆனா மேல இருக்கற வீட்டை எடுத்துட்டுத்தான் அளக்கணும்" என்றார்.

வெளியே வந்து அலுவலக வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான், நான் அழுகிற ஆள் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் படியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோதுகூட டிக்கெட் பையைத்தான் முதலில் தேடினேன். ஆனால் அன்று அழுதேன். நான் பிறந்த வீடு அது. என் பெண் நடை பழகிய வீடு. அதை இடித்து அந்த மண்ணைக் குளத்தில் போட்டால் குளமும் இல்லை, வீடும் இல்லை; முதலில் இருந்த மாதிரி ஒன்றுமில்லாத ஒரு சமதரை இருக்கும். மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கு அடையாளமாகக் கோப்பு மட்டும் மிச்சமிருக்கும். வீட்டுக்கு வந்து இதை உங்கள் அக்காளிடம் சொன்னபோது அவள் புதுக் குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அப்புறம், "என் தம்பிக்கு ஒழுங்கா ஒரு லெட்டர் எழுதுங்க. உங்க கோபத்தையெல்லாம் காட்டாம எழுதுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தைக் காட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருக்கிறீர்கள். "எண்பத்தேழு வருடம் தண்ணீர் நிற்கிற குழியை, அளக்காவிட்டாலும், வெட்டி முடித்த குளம் என்றே கொள்ளலாம்" என்று இலாகா தாளில் இரண்டு வரி எழுதி, முத்திரை வைத்து, இன்னும் எட்டு நாளுக்குள் இங்கே கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். விதி, கிதி என்று மறுபடி ஆரம்பிக்காதே. மன்னிக்கவும், ஆரம்பிக்காதீர்கள். எழுத முடியாது என்றால் நேரில் வந்து உங்கள் அக்காள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு உங்களுக்குத் தைரியம் கிடையாது, எனக்கும் கிடையாது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மூத்தவனுக்கு நல்ல இடத்தில் வேலை கிடைக்க எங்கள் ஆசீர்வாதம். எந்த இலாகாவாக இருந்தாலும் இந்த இலாகா வேண்டாம். சின்னவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னதை மறக்கவில்லை, குளம் இருந்தால் கற்றுக்கொடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்டகாலம் சமதரையில் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. பொறியாளர் அம்மா. கையில் அடிக்குறி போட்ட நீளமான ஒரு கம்பு. தையற்காரரின் தெப்பத்தை வாங்கிக்கொண்டு நேரே நடுத்திட்டுக்குப் போய், அதன்மேல் ஏறி நின்று, ஓரமாகக் கம்பைத் தண்ணீருக்குள் விட்டார். அது தரை தட்டி நின்றது. குறித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மொத்தம் ஐந்து நிமிடம். "ஏம்மா, தண்ணி இருக்கும்போதே அளக்கலாமா?" என்றேன். "தண்ணி இருந்தா என்னங்க ஐயா, கம்பு முங்காதா?" என்றார். அப்புறம் கோப்பின் முதல் பக்கத்தைக் காட்டினார். எண்பத்தேழு வருடத்துக்கு முன்னால் அந்த அளவர் எழுதி வைத்திருக்கிறார்: "எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். தண்ணீரில் இறங்க இயலவில்லை. வற்றியபின் பார்க்கலாம்." விதியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை மச்சான், ஒரு மனிதருக்கு மூக்கு ஒழுகியிருக்கிறது. ஆகவே மேலே கேட்ட இரண்டு வரிக் கடிதம் வேண்டாம். குழியை மூடும் பேச்சே கிடையாது, வீட்டை இடிக்க மாட்டோம் என்று அந்த அம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் அக்காள் அவருக்கு இரண்டு தம்ளர் காப்பி கொடுத்தாள்.

மறு பி.கு.: முழுவதையும் எழுதிவிடுகிறேன். அளந்ததில் பத்தடிதான் வந்திருக்கிறது. ஒப்பந்தம் பன்னிரண்டு. "அது எண்பத்தேழு வருஷச் சேறும்மா, தாத்தா பன்னிரண்டுதான் வெட்டினார்" என்று தலையால் அடித்துக்கொண்டேன். "சேறுன்னா மண் இல்லீங்களா ஐயா?" என்றார். பாக்கி இரண்டடியைத் தோண்ட வரும் திங்கட்கிழமை நீளக்கை வைத்த இயந்திரம் வருகிறது. தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி கொட்டின இடத்துலயேதாங்க, வேற இடம் எழுதலையே" என்றார். உங்கள் அக்காள், "கொட்டறதுக்கு முன்னாடி கதவைத் தட்டச் சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதையும் கோப்பில் குறித்துக்கொண்டார், நல்ல பெண். அடுத்த மாதம் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள், அவசியம் வாருங்கள். வாசலைத் தேட வேண்டாம். மொட்டை மாடியில் நின்று குரல் கொடுங்கள், நாங்கள் கீழேதான் இருப்போம்.